மாடிக் கம்பிக்கு எப்போது வயதாகிறது?

மைசூரு விஜயநகரில், பிறகு மாடி எடுக்கலாம் என்று விட்டுவைத்த தூண் கம்பிகள் பல மொட்டை மாடிகளில் வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. காசு சேர்ந்து வேலை மறுபடி தொடங்கும்போது வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் கேட்பார்: "கம்பிக்கு வயசாயிடுச்சே, வலு இருக்குமா?"

வயதால் மட்டும் எஃகு வலுவிழப்பதில்லை. அதற்கும் முதுமை உண்டு. ஆனால் அது இளமையிலேயே வந்து முடிந்துவிடுகிறது!

எஃகில் இரும்பு அணுக்களின் அடுக்குகளுக்கு இடையே, இடுக்குகளில், கொஞ்சம் கார்பன் அணுக்கள் தங்கியிருக்கின்றன. அறை வெப்பத்தில் ஓர் இரும்பு அணு இடம் மாறப் பிரபஞ்சத்தின் வயதுகூடப் போதாது. கார்பனோ ஏறக்குறைய வினாடிக்கு ஒரு தடவை பக்கத்து இடுக்குக்குத் தாவுகிறது. திசையில்லாத தாவல் என்பதால், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த நாளில் புறப்பட்டிருந்தாலும் இதுவரை கடந்தது சுமார் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அதுவே தேவைக்கு அதிகம். அடுக்கு பிசகிய இடங்கள் அதைவிடப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பிசகுகள் நகர்வதால்தான் கம்பி வளைகிறது. கார்பன் போய் ஆப்பு வைத்ததுபோல் அவற்றை இறுக்கிவிடுகிறது. எஃகு தளர்வதற்குப் பதில் கெட்டிப்படுகிறது, வளையும் குணம் குறைகிறது.

கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 இதையே சோதிக்கிறது. கம்பியை வளைத்து, கொதிநீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, ஓரளவு திரும்ப நிமிர்த்திப் பார்ப்பார்கள், விரிசல் விடக்கூடாது. கார்பனின் வேகத்தைக் கணக்கிட்டால், அந்த அரை மணி நேரம் அறை வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குச் சமம்.

அதன்பிறகு பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பழைய வாள்களே அதற்குச் சாட்சி. மைசூர் சீமையில் மண் மூசையில் எஃகு உருக்கியதை, 1800-இல் பயணம் வந்த பிரான்சிஸ் புக்கானன் விவரித்திருக்கிறார். அவ்வகை எஃகில் அடித்த வாள்களின் வரிக்கோலம் இரும்புக் கார்பைடு துகள்களின் வரிசை. அது கலைய இரும்பு அணுக்களும் நகர வேண்டும். ஈரம் படாத வாளில் அது நூற்றாண்டுகள் தாண்டியும் அப்படியே இருக்கும்.

எஃகைத் தின்பது துருதான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் செதிலாக உரிந்து, அடியில் புது இரும்பைத் தண்ணீருக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் மாடிக் கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வெர்னியரால் விட்டம் அளக்கச் சொல்லுங்கள். மடக்கி வைத்திருந்த கம்பி என்றால், அதன் வளையும் குணம் குறைந்திருக்கும் என்பதால், சம்மட்டியால் அடித்து நிமிர்த்த விடாதீர்கள். சூடுகாட்டி நிமிர்த்துவது இன்னும் மோசம். டிஎம்டி கம்பியின் கெட்டியான மேல்தோல் அதில் இளகிவிடும்.