குட்டித் தங்கச்சி கேட்டா பல்பு வாங்காதீங்க!

ஆடி 18. ஒகேனக்கல் பஸ்ல நசுங்கிக்கிட்டுப் போறீங்க. மடியில உட்கார்ந்திருக்கிற சித்தி பொண்ணு திடீர்னு கேட்கிறா... "ஆத்துக்கு எதுக்கு பூஜை? ஆத்துக்குப் பொறந்த நாளா?"

'ஹாலோவீன்' எதுக்குன்னு கேட்டா நெட்ல படிச்சதை அள்ளி விடுவீங்க. இதுக்கு மட்டும் முழிக்கலாமா பாஸ்?

இப்படிச் சொல்லுங்க. ஜூன், ஜூலையில குடகு, வயநாடு மலைகள்ல தென்மேற்குப் பருவமழை கொட்டும். கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பினா, தண்ணி பிலிகுண்டுலு வழியா ஒகேனக்கலுக்கு வரும். தர்மபுரியில ஒரு சொட்டு மழை இல்லைன்னாலும் காவிரி பொங்கும்! அந்தப் புதுவெள்ளத்துக்கு வரவேற்புதான் ஆடிப்பெருக்கு. 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு பாட்டி சொல்றதும் இந்தப் பருவத்தைத்தான்.

இது நமக்கு மட்டும் இல்லை. அயர்லாந்துல பழைய கெல்டிக் மக்கள் வருஷத்தை நாலு விழாவாப் பிரிச்சிருந்தாங்க. அதுல ஒண்ணான 'சவின்'தான் ஹாலோவீனுக்கு மூலம். இன்னொண்ணு 'லூனசா'. ஆகஸ்ட் 1-ல, அதாவது நம்ம ஆடி 18-க்கு ஓரிரு நாள் முன்னாடி! அங்கே முதல் அறுவடை, இங்கே விதைப்பு. ரெண்டு ஊரிலும் பருவம்தான் காலண்டர்.

ஆனா, தேதி தவறாம வரும். தண்ணி அப்படி இல்லை. 2017 ஆடிப்பெருக்குக்குக் காவிரி பல இடங்கள்ல வறண்டு கிடந்தது. 2024-ல வெள்ளம் மிரட்ட, ஒகேனக்கல்ல குளிக்கவே தடை!

"சரி, நமக்கென்ன?"ன்னு குட்டி கேட்பா. அவளோட வாட்டர் பாட்டிலைக் காட்டுங்க. நம்ம மாவட்டத்து நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம். பல்லுல கறை, எலும்புல வலின்னு எத்தனையோ பேர் அவதிப்பட்டாங்க. அதுக்காகவே வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2013-ல தொடங்கி வச்சாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும் அந்தக் காவிரித் தண்ணிதான் போகுது.

இப்போ அவளுக்குப் புரிஞ்சிருக்கும். அடுத்து நீங்க குளிச்சு முடிச்சு, பழைய துணியையும் ஷாம்பு பாக்கெட்டையும் ஆத்துல விடும்போது அவளே கேட்பா...

"நாம குடிக்கிற தண்ணியிலயா போடுறீங்க?"

அதுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க மக்களே?