உங்களுக்குத் தெரியுமா? ஒரு சுற்றில் முடிவான பட்டம்

சாலைக் கார்களின் தோற்றத்தில், ஆனால் பந்தயத்திற்கென்றே கட்டப்படும் ‘ஸ்டாக் கார்’களுக்கான அமெரிக்கத் தேசியத் தொடரான நாஸ்கார் வின்ஸ்டன் கோப்பையின் 1992ஆம் ஆண்டுப் பட்டம், நவம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்த இறுதிப் பந்தயத்தில் ஒரே ஒரு சுற்றின் வேறுபாட்டால் தீர்மானிக்கப்பட்டது. அப்பந்தயத்தில் பில் எலியட் முதலிடம் பெற்றபோதிலும், இரண்டாவதாக வந்த ஆலன் குல்விக்கி 103 சுற்றுகளிலும் எலியட் 102 சுற்றுகளிலும் முன்னணியில் இருந்தமையால், அதிகச் சுற்றுகளில் முன்னிலை வகிப்பவருக்கு அக்காலத்தில் வழங்கப்பட்ட 5 கூடுதல் புள்ளிகளைப் பெற்ற குல்விக்கி, 10 புள்ளி வேறுபாட்டில் பட்டம் வென்றார். அச்சுற்று கைமாறியிருப்பின் இருவரும் சமநிலையில் நின்று, அப்பருவத்தில் அதிக வெற்றிகள் கண்டிருந்த எலியட்டே வாகை சூடியிருப்பார். தாமே நடத்திய சிறிய அணிக்காகக் காரோட்டிய பொறியியல் பட்டதாரியான குல்விக்கியின் அரிய சாதனை இப்பட்டம். ஐந்து மாதங்களுக்குள், 1993 ஏப்ரல் 1 அன்று, குல்விக்கி விமான விபத்தில் உயிரிழந்தார்.