மகளின் தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்களுக்கு ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் பழகிய இடங்கள். கோலார் தங்கவயலிலிருந்து அவை அதிகத் தொலைவில் இல்லை. அந்தக் கதைகளின் ஈர்ப்பில், பதினைந்து பதினாறு வயது மகளுக்கு வேட்டைத் துப்பாக்கி ஒன்று வாங்கித் தரலாமா, எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்று ஒரு தகப்பன் கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் ‘வேட்டை’ என்ற சொல்லை அதிலிருந்து முதலில் எடுத்துவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், வேட்டை உரிமங்களை அடியோடு நிறுத்திய 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. இரண்டாவது தடை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். துப்பாக்கி வைத்திருக்கும் குறைந்தபட்ச வயதை அதன் 1983ஆம் ஆண்டுத் திருத்தம் 16இலிருந்து 21ஆக உயர்த்தியது. அந்த வயதுக்குக் குறைந்தவருக்குத் துப்பாக்கியை விற்பதோடு, பரிசாகவோ இரவலாகவோ கொடுப்பதையும் அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் அதே 9ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது: விதிகளுக்கு உட்பட்டுப் பயிற்சிக்காக இளையோர் துப்பாக்கியைக் கையாளலாம். ஆகவே மகளின் முதல் துப்பாக்கி வீட்டு பீரோவில் இருக்கக் கூடாது. சுடுதளத்தில்தான் இருக்க வேண்டும்.

இதை ஏற்றுக்கொண்டால்தான் எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கே பொருள் வரும். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப், ஸ்கீட் போட்டிகளுக்கு உரியது 12 போர் துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுவே அதன் குழலின் அகலம். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். இருபது உருண்டைகளாக்கினால் 20 போர். எண் கூடக் கூடக் குழல் சிறுத்துப்போகும். பெண் பிள்ளைதானே, சின்னக் குழலும் லேசான துப்பாக்கியும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் தவறு நடக்கிறது. ஒரே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், தோளில் விழும் உதையின் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மூன்றரை கிலோவுக்குக் குறையாத 12 போரில் 24 கிராம் ஈயம் கொண்ட போட்டித் தோட்டா, எடை குறைந்த 20 போரில் போடும் கனத்த தோட்டாவைவிட மென்மையாகவே உதைக்கும். மிகச் சிறிய .410 அங்குலக் குழலில் உதை குறைவுதான். ஆனால் அதன் தோட்டாவில் ஈயக் குண்டுகளும் பாதியளவே. தட்டு தப்பிக்கொண்டே போகும்போது, பழகவந்த பிள்ளை குறையைத் தன்மேல் போட்டுக்கொண்டு சோர்ந்துவிடுவாள்.

குழலின் போரைவிடப் பெரிய விஷயம் கட்டையின் அளவு. விசையிலிருந்து தோளில் முட்டும் கட்டையின் முனை வரையுள்ள நீளம், வளர்ந்த ஆணுக்காக வைத்தது. அது நீண்டுபோனால் கட்டை தோள்குழியில் அமராமல் புஜத்தில் உட்காரும், கன்னம் கட்டையை விட்டு எழும்பும், உதை முகத்தில் விழும். ஒருமுறை அப்படி அடிவாங்கிய பிள்ளை அடுத்த முறை விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பழக்கத்தை மாற்ற மாதங்கள் ஆகலாம். கட்டையைக் குறைக்க முடியும், பிள்ளை வளர்ந்தபின் இடையில் தகடு வைத்து நீட்டவும் முடியும். கண்ணையும் பார்க்க வேண்டும். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கும் சில வேளை இடக்கண் ஓங்கியிருக்கும். இதை முதல் நாளே சோதிக்காவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த துப்பாக்கியும் உதவாது. ஆக, அளந்து பார்க்க வேண்டியது பிள்ளையை. துப்பாக்கி அதற்குப் பிறகு.

குடகில் மட்டும் எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் உடையவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து வெள்ளையர் காலம் தொட்டே விலக்கு உண்டு. 2019இல் அது மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. கைல் பொல்து திருநாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்து வணங்குவதும், தேங்காய் சுடும் போட்டியில் பெண்கள் நிற்பதும் அங்கே இயல்பு. ஆனால் அந்த விலக்கு வேட்டைக்கு அனுமதி அல்ல, தங்கவயலுக்கு நீள்வதும் இல்லை. பயிரைக் காக்க வேண்டாமா என்பது இன்னொரு வாதம். காமசமுத்திரம் பக்கம் யானை இறங்கும்போது விவசாயி படும் பாடு உண்மை. அதற்கு வழி வனத்துறை. ஆபத்தாகிவிட்ட யானையைச் சுட உத்தரவிடும் அதிகாரம் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. பள்ளி மாணவியின் கையில் அந்தப் பொறுப்பை வைக்க எந்த நியாயமும் இல்லை.

செலவு பற்றிய மறுப்புதான் கனமானது. டிராப் தகுதிச் சுற்றில் மட்டும் 125 தட்டுகள். அதற்கான தோட்டாவும் பயிற்சிச் செலவும் சாதாரணக் குடும்பம் தாங்குவதல்ல. ஒலிம்பிக் டிராப் வரை போன பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பத்தவர் என்பதை மறைத்துப் பேசிப் பயனில்லை. இதனால்தான் தொடக்கம் ஏர் ரைஃபிளாக இருக்க வேண்டும் என்கிறேன். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை, குண்டும் மலிவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகத்தரத்தை எட்டியது இந்தத் துப்பாக்கியால்தான். அசையாத இலக்கைச் சுடுவதும் பறக்கும் தட்டைச் சுடுவதும் வேறு வேறு கலை என்பது சரி. ஆனால் குழலை யார் பக்கமும் திருப்பாமை, சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காமை, காதுக்கும் கண்ணுக்கும் காப்பு ஆகிய பழக்கங்கள் இரண்டுக்கும் பொது. என்.சி.சி.யில் சேரும் மாணவிக்கு .22 ரைஃபிளும் பழகக் கிடைக்கும்.

தங்கவயலின் பிள்ளைகள் நல்ல பயிற்சிக்கு மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஏர் ரைஃபிள் சுடுதளத்துக்கு வேண்டியது பத்து மீட்டர் தொலைவு, குண்டு தாண்டாத சுவர், பொறுப்பான ஒரு பயிற்சியாளர். 2001இல் சுரங்கம் மூடியபின் பயன்பாடின்றிக் கிடக்கும் கட்டடங்களில் ஒன்றை நகரசபையும் மாவட்ட விளையாட்டுத் துறையும் இதற்கென்று கேட்டுப் பெறட்டும். மகளுக்குத் துப்பாக்கி வாங்க நினைக்கும் பெற்றோர் முதலில் அதற்கான மனுவில் கையெழுத்திட வேண்டும்.