வீட்டு வாசலில் தொடங்கும் மருத்துவப் படிப்பு

1998இல் ஜார்ஜஸ், மிட்ச் என்ற இரண்டு புயல்கள் கரீபியன் தீவுகளையும் மத்திய அமெரிக்காவையும் புரட்டிப் போட்டன. அந்தப் பேரழிவின் எதிரொலியாக அடுத்த ஆண்டே ஹவானாவுக்கு மேற்கே, கடலோரத்தில் கடற்படைப் பயிற்சிக்கூடமாக இருந்த வளாகத்தில் லத்தீன் அமெரிக்க மருத்துவப் பள்ளியைக் கியூபா திறந்தது. வெளிநாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் படிப்பு. படித்து முடித்தவர்கள் மருத்துவர் இல்லாத ஊர்களுக்குப் போக வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அமெரிக்காவிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். இலவசம் என்பதையே எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். மக்களிடம் நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அங்கே பாடமாகவே வைத்திருப்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். 1981இல் அந்நோய் கியூபாவில் 158 உயிர்களைக் குடித்தது. அதன்பின் வீடுவீடாகச் சோதனை போடுவது அங்கே வழக்கமாகிவிட்டது. மருத்துவ மாணவர்களும் அதில் இறங்குகிறார்கள். யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று கேட்டுவிட்டுத் தொட்டிகளைப் பார்க்கிறார்கள். "தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வராத வீட்டில் அந்த அறிவுரைக்கு என்ன மதிப்பு? பல வீடுகளில் வழிபாட்டு மேடையில் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதிலும் கொசுப்புழு வளரும். அதை எடுத்துவிடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, முட்டை ஒட்டியிருக்கும் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடியும் நிரப்பச் சொன்னால் கேட்பார்கள். வெளிநாட்டு மாணவருக்கு இங்கே ஓர் அனுகூலமும் உண்டு: எதுவும் முன்பே தெரியாததால் எதையும் கேட்டே தீர வேண்டியிருக்கிறது.

1984இல் தொடங்கிய குடும்ப மருத்துவர் முறையும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான். கீழே மருத்துவ அறை, மேலே மருத்துவரின் வீடு. தம் பகுதியில் உள்ள ஒவ்வொருவரையும் ஆரோக்கியமாக இருப்பவர், ஆபத்துக் காரணி உள்ளவர், நோயாளி, ஊனமோ நிரந்தரப் பாதிப்போ உள்ளவர் என்று நான்கு வகையாகப் பிரித்து அவர் பதிந்து வைக்கிறார். நோயில்லாதவர் வீட்டுக்கும் போகிறார். இரத்த அழுத்தம் போல அறிகுறி காட்டாமல் வளரும் நோய்கள் சிக்குவது இப்படிப்பட்ட வருகைகளில்தான்.

இன்றைய கியூபாவில் மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருக்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான். 2018இல் ஆயிரத்துக்கு 4 என்ற அளவில் இருந்த சிசு இறப்பு விகிதம் 2021இல் 7ஐத் தாண்டியது. மருத்துவர் எவ்வளவு அக்கறையோடு கதவைத் தட்டினாலும் இல்லாத மருந்துக்கு அது ஈடாகாது. இந்தச் சரிவை மூடிமறைத்துக் கியூபாவைப் புகழ்வது நேர்மையாகாது. ஆனால் மருந்து வந்து சேரும் நாளில் அது யாருக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லக்கூடியது அந்தப் பதிவேடுதான்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட வலுவானது. வீட்டுக்குள் நுழைந்து விசாரிப்பதும் குறித்து வைப்பதும் ஒரு கட்சி ஆட்சியில் நடக்கலாம், தனிமனித உரிமை உள்ள நாட்டில் எடுபடுமா? இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. மறுக்கவும் கதவைச் சாத்தவும் உரிமையில்லாத இடத்தில் அக்கறை கண்காணிப்பாகிவிடும். ஆனாலும் தேர்தல் நடக்கும் பிரேசிலில் 1994இல் தொடங்கிய குடும்ப சுகாதாரத் திட்டத்தில் சமூக சுகாதாரப் பணியாளர்கள் மாதந்தோறும் வீடுகளுக்குப் போகிறார்கள். அவர்களிடம் மருத்துவப் பட்டம் இல்லை. வேலை பார்க்கும் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும் என்பது அவர்களுக்கான விதி. அக்கம்பக்கத்தார் என்பதால்தான் கதவு திறக்கிறது. ஹவானாவில் படித்துவிட்டு ஊர் திரும்பும் இளம் மருத்துவருக்குக் கியூப அரசின் அமைப்பு அங்கே கிடைக்கப்போவதில்லை. உள்ளூர்ப் பெண்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் கர்ப்பிணி என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்க அந்த அமைப்பு தேவையுமில்லை.