குறைகளின் பதிவேடு

மென்பொருள் எழுதும் ஸ்தாபனம் ஒன்றில் பத்துப் பேர் சேர்ந்து வேலை தொடங்கிய சில மாதங்களுக்குள், யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார், எந்தப் பிழையை யார் கண்டார், அது திருத்தப்பட்டதா அல்லது திருத்தியதாகச் சொல்லப்பட்டதா என்னும் விஷயங்கள் ஒருவர் ஞாபகத்திலும் தங்காமல் போய், முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும், பிறகு ஓர் எக்ஸெல் தாளும், அதற்கும் பிறகு அந்தத் தாளின் ஏழெட்டுப் பிரதிகளும் தோன்றி, எது கடைசிப் பிரதி என்பதே ஒரு வழக்காகிவிடும். அந்தக் கட்டத்தில்தான் யாராவது ஒருவர், "நாமும் ஒரு டூல் வாங்கிவிடலாமே, சார்" என்று வாய் திறப்பார்.

சர்க்கார் அலுவலகத்துக் கடிதங்களின் தலைப்பில் 'ந.க. எண்' என்று இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சாதனத்தின் ஸ்வரூபத்தை விளக்குவது சுலபம். வந்து சேர்ந்த மனுவுக்கு நடப்புக் கணக்கு எண் ஒன்று இட்டு, அது எந்த உதவியாளரிடம் போயிற்று, அவர் எந்தத் தேதியில் அதன்மேல் என்ன செய்தார், இன்னும் நிலுவையா முடிந்ததா என்பதையெல்லாம் அவருடைய தன்பதிவேட்டில் குறித்துவைப்பது நம் கச்சேரிகளின் பழைய வழக்கம். மென்பொருள் உலகத்தில் அந்த மனுவுக்கு டிக்கெட் என்று பெயர். உதவியாளருக்குப் பதில் புரோகிராமர். பதிவேட்டுக்குப் பதில் எல்லோரும் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய ஒரு திரை. மேஜையிலேயே உறங்கிப்போவது மட்டும் இரண்டுக்கும் பொதுவான குணம்.

இந்த வம்சத்தின் மூத்த சாதனங்களில் ஒன்று பக்ஸில்லா. 1998ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் ஸ்தாபனம் தன் உலாவியின் மூலநிரலை உலகத்துக்குத் திறந்துவிட்டு மொஸில்லா திட்டத்தைத் தொடங்கியபோது, அதுவரை உள்ளுக்குள் வைத்திருந்த பிழைப் பதிவேட்டுக்குப் பதிலாக டெர்ரி வைஸ்மன் என்பவர் எழுதிய இந்தச் சாதனத்தில், ஒரு பிழை பிறந்தது முதல் முடிவது வரை கடக்கும் நிலைகளுக்கெல்லாம் திட்டமான பெயர்கள் இருந்தன: புதியது, ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது, தீர்ந்தது, சரிபார்க்கப்பட்டது என்று அவை போயின. தீர்ந்த விதத்துக்கும் பெயர்கள் இருந்தன. திருத்தியாயிற்று, முன்பே வந்த புகார், திருத்துவதாக இல்லை என்பவற்றோடு, 'எனக்குச் சரியாகவே வேலை செய்கிறது' என்பதும் அவற்றில் ஒன்று. உலகத்துப் புரோகிராமர்கள் எல்லோரும் காலங்காலமாகச் சொல்லிவரும் சமாதானத்தை அதிகாரபூர்வமான ஒரு தீர்ப்பாகவே ஏற்றுக்கொண்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்து அட்லாசியன் ஸ்தாபனத்தார் ஆதியில் உபயோகித்ததும் பக்ஸில்லாவையே. அந்தப் பெயரில் காட்ஸில்லா என்னும் சினிமா ராட்சதனின் சாயலைக் கண்டு, அவனுடைய ஜப்பானியப் பெயரான கோஜிரா என்று தமாஷாக அழைத்துவந்தவர்கள், 2002இல் தாமே ஒரு சாதனத்தை வெளியிட்டபோது முன்னெழுத்தைக் கழற்றிவிட்டு ஜிரா என்று பெயர் வைத்தார்கள். மிட்டாய்க் கடை ஜீராவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அளவு மிஞ்சினால் விரலைப் பிடித்துக்கொள்ளும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொருந்தும். ஒரு டிக்கெட் எந்தெந்த நிலைகளைக் கடக்க வேண்டும், எவர் சம்மதித்தால் நகரும், எந்தக் கட்டங்களைப் பூர்த்தி செய்தாக வேண்டும் என்பதையெல்லாம் வாங்கியவர் தம் இஷ்டப்படி வகுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் மகிமை. நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்து, தணிக்கைக்காரருக்கும் பதில் சொல்லவேண்டிய இடத்தில் அது வரப்பிரசாதந்தான். ஐந்து பேர் உள்ள இடத்தில் அதே சுதந்திரம் எப்படிப் போய் முடியும் என்பதை, இதே போன்று வளைந்துகொடுக்கும் வேறொரு சாதனத்தில் நான் கண்கூடாகப் பார்த்தேன்.

நான் சில காலம் பணியாற்றிய அலுவலகம் அது, பெயர் வேண்டாம். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் மானேஜருக்கு ஒரு புது விவரம் தேவைப்பட்டது. ஒவ்வொரு விவரத்துக்காகவும் டிக்கெட்டில் ஒரு கட்டாயக் கட்டம் முளைத்தது. அந்தச் சமயத்தில் பணம் கட்டும் பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருந்த பெண், முகவரியில் பின்கோடு எழுதுமிடத்தில், நம்மில் பலர் எழுதுவதுபோல '600 004' என்று நடுவில் இடைவெளி விட்டு அடித்தால் பக்கம் ஏற்க மறுப்பதைக் கண்டாள். அதைப் பதிவேட்டில் ஏற்றாமல் புரோகிராமரிடம் வாட்ஸ்அப்பில் சொன்னாள். "டிக்கெட் போட்டா பத்து நிமிஷம் ஆகுதுண்ணா, அதான் உங்ககிட்டயே சொல்லிட்டேன்" என்பது அவள் நியாயம். அவர் மறந்தார். எல்லோரும் இப்படியே செய்துவந்ததால், மானேஜரின் வரைபடத்தில் பிழைகளின் எண்ணிக்கை வாராவாரம் இறங்கிக்கொண்டே போயிற்று; அவரும் பரம திருப்தியோடு அதை மேலிடத்துக்குக் காட்டிவந்தார்.

ஆகவே, சாதனத்தைப் பரீட்சை செய்யவேண்டியவர் வரைபடம் பார்ப்பவர் அல்ல, சாயங்காலம் ஆறு மணிக்குக் களைத்துப்போய் டிக்கெட் எழுதுகிறவரே என்பது என் அபிப்பிராயம். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்னும் அமெரிக்க மென்பொருள்காரர், நல்ல பிழைப் புகாருக்கு மூன்று அம்சங்கள் போதும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார்: என்னென்ன செய்தால் பிழை தோன்றுகிறது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதில் என்ன நடந்தது. பின்கோடு விஷயத்தை இந்த மூன்றில் அடக்கிவிடலாம். அதற்கு மேல் வரும் கட்டம் ஒவ்வொன்றும் தன் அவசியத்தை நிரூபித்த பிறகே உள்ளே வரவேண்டும்.

அதே ஸ்போல்ஸ்கியின் ஸ்தாபனத்திலிருந்து 2011இல் வெளிவந்த டிரெல்லோ, பலகையில் அட்டைகளை நகர்த்துவதைத் தவிர வேறொன்றும் கேட்காமல் பிரசித்தி அடைந்தது. அட்டையால் வேலையை நடத்தும் அந்த யுக்தி டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்த கான்பான் முறையின் வழிவந்தது. நிரலைக் கிட்ஹப்பில் வைத்திருக்கும் சிறு குழுவுக்கு, அங்கேயே உள்ள இஷ்யூஸ் பகுதி பெரும்பாலும் போதும். திருத்தத்தின் குறிப்பில் 'ஃபிக்ஸஸ் #42' என்று ஒரு வார்த்தை எழுதினால், அந்தத் திருத்தம் பிரதான கிளையில் சேரும்போது 42ஆம் எண் புகார் தானே மூடிக்கொள்ளும். சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு 2006 முதல் ரெட்மைன் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னையிலிருந்து ஜோஹோ புராஜெக்ட்ஸும் வருகிறது.

வாங்கும்போது எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: விட்டுப்போகும் நாளில் நம் ஏடுகளை எடுத்துக்கொண்டு போக முடியுமா? அட்லாசியன், வாடிக்கையாளர் தம் இடத்திலேயே நிறுவிக்கொள்ளும் ஜிரா சர்வர் பதிப்பின் புது உரிமங்களை 2021 பிப்ரவரியோடு நிறுத்தி, 2024 பிப்ரவரி 15ஆம் தேதியோடு அதற்கான ஆதரவையும் முடித்துக்கொண்டபோது, எத்தனையோ பேர் இதைக் கேட்கவேண்டி வந்தது. டிக்கெட்டின் தலைப்பு மட்டும் வெளியே வந்து, கீழே நடந்த விவாதமும் இணைத்த படங்களும் தேதிகளும் உள்ளேயே தங்கிவிடுமானால், கையில் மிஞ்சுவது பதிவேடு அல்ல, அதன் அட்டவணை. இலவசப் பரீட்சைக் காலத்திலேயே சென்ற வாரத்து நிஜமான வேலைகளில் இருபதை உள்ளே ஏற்றி, பிறகு வெளியே எடுத்துப் பார்ப்பவர் புத்திசாலி.

எங்கள் அலுவலகத்திலும், ஒரு வாடிக்கையாளர் போனில் கத்திய பிற்பாடு, பதிவேடு மாறிற்று. புதியதில் ஏறிய முதல் டிக்கெட் பின்கோடு விவகாரமே. அந்தப் பெண் அதை இரண்டு நிமிஷத்துக்குள் எழுதி முடித்தாள். மறுநாள் காலையில் புரோகிராமர், 'எனக்குச் சரியாகவே வேலை செய்கிறது' என்று குறித்து அதை மூடினார். இடைவெளி விடாமல் அடித்துப் பார்த்திருக்கிறார். மத்தியானத்துக்குள் அதே எண்ணில் அது மறுபடியும் திறந்திருந்தது.