குட்டி போடும் வண்ண மீன்கள்: பிரித்து வளர்த்தால் ஆதாயம்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீரில் பருப்பு எளிதில் வேகாது, சோப்பும் நுரைக்காது. பாறைகளிலிருந்து கரையும் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகளே இதற்குக் காரணம். இத்தகைய கடின நீர் கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய குட்டி போடும் வண்ண மீன்களுக்கு மிகவும் ஏற்றது. கார அமில நிலை 7 முதல் 8 வரையிலும், நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரையிலும் இருப்பது நலம்.

சென்னை கொளத்தூரில் பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்ப்பைத் தொழிலாகவே செய்து வருகின்றன. நம் பகுதி விவசாயிகளும் இதை உபதொழிலாக மேற்கொள்ளலாம். இம்மீன்களில் குட்டிகள் கிடைப்பது எளிது. ஒரே நிறமுள்ள, விலை போகும் குட்டிகள் கிடைப்பதுதான் கடினம்.

பல மாதம் தங்கும் விந்து

ஆண் மீனின் அடித்துடுப்பு குச்சி போல் நீண்டிருக்கும். பெண்ணுக்கு அது விசிறி போல் விரிந்திருக்கும். கரு தாயின் வயிற்றிலேயே வளர்கிறது. கப்பி சுமார் 4 வாரத்திற்கு ஒருமுறை 20 முதல் 50 குட்டிகள் வரை போடும். நன்கு வளர்ந்த வாள்வால் மீன் ஒரே ஈற்றில் 100 குட்டிகள்கூடப் போடும்.

ஒருமுறை இணைந்த பெண் மீன், விந்தைப் பல மாதங்கள் தன் உடலில் சேமித்து வைக்கும். மீண்டும் ஆணைச் சேராமலே பலமுறை குட்டி போடும். எனவே, ஆணும் பெண்ணும் கலந்திருந்த தொட்டியிலிருந்து பெண்ணை வாங்கி வந்து நல்ல சிவப்பு ஆணுடன் விட்டாலும், பிறக்கும் குட்டிகள் பழைய ஆணுடையவையாக இருக்கக்கூடும். நிறம் கலைவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதைத் தவிர்க்க, கப்பிக் குட்டிகளை 3 அல்லது 4 வார வயதிலேயே அடித்துடுப்பைப் பார்த்து ஆண், பெண் எனப் பிரித்துவிட வேண்டும். வாள்வால் மீனில் சில ஆண்கள் தாமதமாகவே முதிர்கின்றன. பெண் என்று எண்ணி வளர்த்ததற்குப் பின்னாளில் வாள் முளைப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே இவ்வினத்தைப் பலமுறை சோதித்துப் பிரிக்க வேண்டும்.

எதை எதோடு விடலாம்?

பிளாட்டியும் வாள்வால் மீனும் நெருங்கிய உறவினங்கள். எளிதில் கலந்து, இனவிருத்தித் திறனுள்ள குட்டிகளைத் தரும். சிலவகைக் கரும்புள்ளிப் பிளாட்டியை வாள்வாலுடன் கலந்து, அக்கலப்பினத்தை மறுபடியும் வாள்வாலுடன் சேர்த்தால், சில குட்டிகளுக்குக் கரும்புள்ளியில் புற்றுக்கட்டி தோன்றும். இது 1920-களின் இறுதியிலேயே ஆராய்ச்சியில் கண்டறியப்பட்டது. எனவே இவ்விரண்டையும் தனித்தனித் தொட்டியில் வளர்ப்பதே நல்லது.

கப்பியும் பிளாட்டியும் கலப்பதில்லை. ஒரே தொட்டியில் விடலாம். ஒரே இனத்தில் ஓர் ஆணுக்கு 2 அல்லது 3 பெண்கள் வீதம் விட வேண்டும். ஆண்கள் மிகுந்தால் பெண்களை ஓயாது துரத்தி மெலியச் செய்யும். வாள்வால் ஆண்கள் தமக்குள்ளும் சண்டையிடும். நீண்ட வாலுடைய கப்பியுடன், துடுப்பைக் கடிக்கும் கெண்டை வகை வண்ண மீன்களை விடக் கூடாது.

குட்டிகளைக் காத்தல்

தாய் தன் குட்டிகளையே தின்றுவிடும். வயிறு பெருத்து, குதத்தின் அருகிலுள்ள கரும்பகுதி விரிந்ததும், தாயை நைலான் வலைக் கூண்டில் மெதுவாக மாற்ற வேண்டும். கண்ணி வழியே குட்டிகள் வெளியேறுமளவு வலை இருக்க வேண்டும். பாசிச் செடிகளும் குட்டிகளுக்கு மறைவிடமாகும்.

குட்டிகளுக்கு நீர்த்தெள்ளு சிறந்த உணவு. நாமக்கல் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் உலர்ந்த கோழி எருவைக் கோணிப்பையில் கட்டித் தனித் தொட்டி நீரில் தொங்கவிட்டு, இதை வளர்க்கலாம். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்தும் சிறிதளவு தரலாம். மிகுந்தால் நீர் கெடும்.

புதிய சிமெண்டுத் தொட்டியில் பலமுறை நீர் நிரப்பி வடித்து, சுண்ணாம்புக் காரம் நீங்கிய பின்னரே மீன் விட வேண்டும். ஆழ்குழாய் நீரை ஓரிரு நாள் திறந்த தொட்டியில் வைத்திருந்து பயன்படுத்தவும். கோடையில் தென்னங்கீற்றுப் பந்தல் அவசியம். விற்காமல் எஞ்சிய மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். அவை பெருகி நாட்டு மீன்களுக்குப் போட்டியாகும்.

முதலில் ஒரே இனம், ஒரே நிறம், நான்கு தொட்டிகள் எனத் தொடங்குங்கள். ஒன்று தாய் மீன்களுக்கு, ஒன்று குட்டிகளுக்கு, மற்ற இரண்டும் பிரித்த ஆண், பெண்களுக்கு எனக் கொண்டால் நிறம் கலையாது, விலையும் குறையாது.