ஆண் குட்டியா, பெண் குட்டியா?

நாய்க்குட்டி வாங்குவது என்று வீட்டில் ஒருவழியாக முடிவாகிவிட்டால், இனத்தைப் பற்றிய பேச்சு தொடங்கும். அடுக்குமாடி வீடு, சின்ன பால்கனி, வயதான பெற்றோர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் யோசித்து, பொமரேனியன், பக், ஷிட்ஸு, லாசா ஆப்சோ என ஏதோ ஒரு சின்ன இனத்தில் வந்து நிற்பார்கள். பிறகு குட்டி விற்பவர் கேட்பார்: "மேலா, ஃபீமேலா?"

அங்கே ஆளுக்கொரு பதில் வரும். ஆண் குட்டிதான் பாசமாக இருக்கும் என்பார் ஒருவர். பெண் குட்டிதான் சொன்ன பேச்சுக் கேட்கும் என்பார் இன்னொருவர். "பொட்டை நாய் வேண்டாம், வீடெல்லாம் ரத்தம் படும், சாமி ரூம் இருக்கு" என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. இப்படியே பல இடங்களில் ஆண் குட்டிகள் முதலில் விலை போகின்றன. மிஞ்சும் பெண் குட்டிகள் விலை குறைக்கப்பட்டு, ஈற்றுக்கு ஈற்று காசு பார்க்க நினைப்பவர்களிடம் போய்ச் சேர்கின்றன. சில தெருவுக்கே போகின்றன. யோசிக்காமல் சொல்லும் ஒரு பதிலுக்கு அந்தக் குட்டி வாழ்நாள் முழுவதும் விலை கொடுக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. குணத்தை நினைத்து ஆண், பெண் பார்ப்பதில் பெரிய பலன் கிடையாது. பார்க்க வேண்டியது உடலை.

2022-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையை அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டுத் தொகுத்து, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுப்போடு ஒப்பிட்டார்கள். நாய்க்கு நாய் நடத்தையில் காணும் வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 விழுக்காடு மட்டுமே. பக் என்றால் இப்படி, பொமரேனியன் என்றால் அப்படி என்று அடித்துச் சொல்வதற்கே இடமில்லை. ஆணா பெண்ணா என்பது தெளிவாகக் கைகொடுத்த இடம், காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கும் பழக்கம்.

மூளை வேலை செய்யும் விதத்தில் பால் வேறுபாடே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வியன்னாவில் 50 நாய்களை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரு பந்து பலகைக்குப் பின்னால் உருண்டு மறைகிறது. மறுபக்கம் வேறு அளவில் ஒரு பந்து வெளியே வருகிறது. பெண் நாய்கள் அதை வழக்கத்தைவிட நெடுநேரம் உற்றுப் பார்த்தன. ஆண் நாய்கள் எந்த வித்தியாசமும் காட்டவில்லை. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் கூடையில் நான்கு குட்டிகளைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்லும்போது இது எதற்கும் உதவாது.

அப்படியானால் குட்டியின் குணம் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் பார் ஹார்பர் ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் ஐந்து இன நாய்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்து ஆராய்ந்து 1965-இல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஏறத்தாழ 3 வாரம் முதல் 12 வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும். அந்தக் காலத்தில் மனிதக் கை, குரல், சத்தம் எதுவும் பழகாத குட்டி பிறகு எளிதில் பழகாது என்பது அவர்கள் காட்டிய முக்கியமான உண்மை. இருட்டுக் கூண்டில் வளர்ந்த குட்டி ஆணானாலும் பெண்ணானாலும் அஞ்சி நடுங்கும், கடிக்கும். தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டுச் சீக்கிரம் பிரிப்பதும் கெடுதல். நம் நாட்டில் 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. ஒரு மாதக் குட்டியைப் பால் புட்டியோடு கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது உங்களைக் கண்டு வாலாட்டுகிறதா, மூலையில் பதுங்குகிறதா என்பது குட்டியின் பாலைவிட அதிகம் சொல்லும்.

சின்ன நாய்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆஸ்திரியாவில் 1,276 நாய் வளர்ப்பவர்களிடம் நடத்திய ஆய்வில், சின்ன நாய் வைத்திருப்பவர்கள் அதற்குப் பயிற்சி கொடுப்பதும் சேர்ந்து விளையாடுவதும் குறைவு, ஒரு நாள் கண்டிப்பதும் ஒரு நாள் விட்டுவிடுவதும் அதிகம் என்று தெரிந்தது. சின்ன நாய்கள் கூடுதலாகக் குரைப்பதற்கும் சீறுவதற்கும் இதோடு தொடர்பு இருந்தது. அல்சேஷன் உறுமினால் வீடே கவனிக்கும். பொமரேனியன் உறுமினால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது.

இனி உடல். எடையில் பெரிதாக எதுவும் இல்லை. பக் இனத்தின் தரக் குறிப்பில் இரண்டுக்கும் ஒரே 6.3 முதல் 8.1 கிலோதான்.

ஆண் குட்டி சில மாதங்களில் காலைத் தூக்கத் தொடங்கும். வீட்டுக்குள் சோபா காலிலும் கதவோரத்திலும் சொட்டு விடுவது கழிப்பதற்காக அல்ல, தன் வாசனையை எழுதி வைப்பதற்காக. நியூயார்க் மாநிலத்தில் காப்பக நாய்களைப் படம் பிடித்து ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழகத்தினர், சின்ன ஆண் நாய்கள் பெரிய நாய்களைவிடக் காலை அதிகக் கோணத்துக்குத் தூக்குவதைக் கண்டார்கள். கூட்டத்தில் குள்ளமானவர் எக்கி நிற்பதுபோல, தன் வாசனையை உயரத்தில் வைத்து ஆளைப் பெரிதாகக் காட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். சின்ன நாய்கள் அடிக்கடி அடையாளம் வைப்பதையும் அவர்கள் கவனித்தார்கள். கால் தூக்கும் பழக்கத்தின் விதை மிக முன்பே விழுந்துவிடுகிறது. பிறப்பை ஒட்டிய நாட்களில் சுரக்கும் ஆண் ஹார்மோன் மூளையை அப்போதே வடிவமைத்துவிடுவதால், பிறகு காயடித்தாலும் கால் தூக்குவது போகாது. வீட்டுக்குள் அடையாளம் வைப்பதும், ஏறிப் பிடிப்பதும், வெளியே ஓடுவதும் பல நாய்களில் குறையும். எல்லா நாய்களிலும் இல்லை.

பெண் குட்டியின் உடல் நீண்ட கதை. அதைத் தெரிந்துகொள்ளாமல் பயப்படுவதும் தவறு, தெரிந்துகொள்ளாமல் வாங்குவதும் தவறு.

சின்ன இனங்கள் சீக்கிரம் பருவத்துக்கு வரும்; பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள் முதல் ஹீட். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ மூன்று வாரம். பிறகு சுமார் ஏழு மாதத்துக்கு ஒருமுறை வரும், சிலவற்றுக்கு அதற்கும் முன்பே. மாதவிடாய் நிற்பது போன்ற ஒன்று நாய்க்குக் கிடையாது; வயதானாலும் வந்துகொண்டே இருக்கும். பெரியவர்கள் அஞ்சும் அந்த ரத்தம் நம் மாதவிடாய் போன்றதே அல்ல. கரு தங்காததால் கருப்பையின் உட்படலம் உதிர்வது மனிதருக்கு. நாய்க்கு முட்டை வெளிப்படுவதற்கு முன்பே, ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது ரத்தம் கசிகிறது. சின்ன நாயில் அது சில சொட்டுகள்தான். நாயே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். கடையில் கிடைக்கும் நாய் டயப்பர் போதும்.

கவனிக்க வேண்டியது வேறு. ஒரு வாரம், பத்து நாள் கழித்து ரத்தம் குறைந்து வெளிறிப்போகும். முடிந்துவிட்டது என்று கேட்டைத் திறந்து விடுவார்கள். உண்மையில் அப்போதுதான் அது ஆணை ஏற்கும் நாட்கள் தொடங்குகின்றன. சினை பிடிப்பதோடு போகாது. தெரு நாய்களிடையே, இணை சேரும்போது தொற்றும் புற்றுநோய் ஒன்று நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. கிருமியால் வருவதல்ல, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயில் தோன்றிய புற்று உயிரணுவே நாய்க்கு நாய் தாவி இன்றுவரை உயிரோடு இருக்கிறது. வாரம் ஒருமுறை வின்கிறிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகும். ஓடிப்போய்த் திரும்பும் ஆண் நாய்க்கும் இதே ஆபத்துதான்.

ஹீட் முடிந்ததும் இன்னொரு கட்டம் வரும். சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சுமார் இரண்டு மாதம் நாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் சினைக்காலம் போலவே ஓடும். அது இறங்கும்போது பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஏறுகிறது. நாய் செருப்பையோ பொம்மையையோ கவ்விக்கொண்டு மூலையில் படுத்துக் காவல் காக்கும். காம்பில் பால்கூட வரும். இதுதான் பொய்ச்சினை. ஓநாய்க் கூட்டத்தில் குட்டி போடாத பெண்களும் தலைவியின் குட்டிகளைப் பேணும். அந்தப் பழைய வாழ்க்கையின் மிச்சம் இது என்று உயிரியலாளர்கள் கருதுகிறார்கள். நாயைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கும்.

ஒவ்வொரு சுழற்சியிலும் அந்தப் புரோஜெஸ்டிரோனால் கருப்பையின் உட்படலம் தடித்துத் தடித்து வருவதால், வயதாகும்போது அதில் கிருமி புகுந்து சீழ் கட்டலாம். கருத்தடை செய்வது வழக்கமில்லாதிருந்த ஸ்வீடனில், காப்பீட்டுக் கணக்குகளின்படி, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரையான பெண் நாய்களுக்கு 10 வயதுக்குள் இது வந்திருக்கிறது. ஹீட் வந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், வாந்தி எடுத்தால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சீழ் வெளியே வராத வகையில் வயிறு உப்பும்வரை காத்திருந்தால் உயிர் போய்விடும்.

"ஒரு தடவையாவது குட்டி போட விடுங்கள், அப்போதுதான் நாய்க்கு நல்லது" என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சின்ன நாய்க்குப் பேறுகாலம் மிகக் கடினமானது. பிரிட்டனில் அவசர சிகிச்சை மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டபோது, கலப்பின நாய்களோடு ஒப்பிட்டால் பக் இனத்துக்குப் பேறுகாலச் சிக்கலுக்கான வாய்ப்பு சுமார் 11 மடங்கு, சிவாவாவுக்குச் சுமார் 10 மடங்கு என்று தெரிந்தது. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பெலும்பு குறுகல். பிறந்த பிறகும் பால் கொடுக்கும் வாரங்களில் ரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வருவது சின்ன இனங்களில்தான் அதிகம். விற்பனைக்காக ஆண்டுக்கு இரண்டு ஈற்று எடுப்பவர்கள் செய்வது கொடுமை. அந்த 2017 விதிகள் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

ஆண் குட்டியிடம் பார்க்க வேண்டியவை இரண்டு. 8 வார வயதில் விதைகள் இரண்டும் பைக்குள் இறங்கியிருக்க வேண்டும். சின்ன இனங்களில் ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிவிடுவது பெரிய இனங்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். 6 மாதமாகியும் இறங்காவிட்டால் அறுவை செய்து எடுத்துவிடுவதே நல்லது. தங்கிப்போன விதையில் கட்டி வரும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல். மரபுக் குறை என்பதால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. மற்றது சிறுநீர்க்கல். ஷிட்ஸு, லாசா ஆப்சோ போன்றவற்றுக்குக் கால்சியம் ஆக்சலேட் கல் வருவது சாதாரணம், அதிலும் ஆண்களுக்குக் கூடுதல். ஆண் நாயின் குறிக்குள் ஓர் எலும்பு உண்டு. சிறுநீர்க் குழாய் அந்த எலும்பின் பள்ளத்தில் ஓடுவதால் அங்கே விரிய வழியில்லை. கல் சரியாக அதற்குப் பின்னால் போய் அடைத்துக்கொள்ளும். காலைத் தூக்கியபடி வெகுநேரம் நின்று சொட்டுச் சொட்டாகவே வருகிறது என்றால் மறுநாள்வரை பொறுக்கக் கூடாது. பெண்ணுக்குக் குழாய் குட்டை, அகலம். சின்னக் கல் வெளியே வந்துவிடும், ஆனால் கிருமித் தொற்று எளிதில் ஏறும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் எதிர்ப் பாலைச் சேர்ந்த குட்டியே நல்லது. ஒரே பாலைச் சேர்ந்த சோடிகளுக்குள், குறிப்பாக இரண்டு பெண்களுக்குள், மூளும் சண்டை எளிதில் தீராது.

கருத்தடை செய்துவிட்டால் மேலே சொன்ன பலவும் இல்லாமல் போகும். ஹீட் இல்லை, பொய்ச்சினை இல்லை, சீழ்ப் பயம் ஏறக்குறைய இல்லை. 1969-இல் வந்த ஒரு பழைய ஆய்வு, முதல் ஹீட்டுக்கு முன் செய்தால் மடிக்கட்டி வாய்ப்பு, கருத்தடை செய்யாத நாய்க்கு இருப்பதில் 0.5 விழுக்காடாகக் குறையும், ஒரு ஹீட்டுக்குப் பின் 8, இரண்டுக்குப் பின் 26 என்றது. அந்தக் கணக்குகளுக்குப் போதிய ஆதார பலமில்லை என்று 2012-இல் ஒரு மறுஆய்வு சொன்னாலும், சீழ்க் கருப்பை ஒன்றே போதுமான காரணம். கருத்தடைக்குப் பின் சிறுநீர் ஒழுகுவது 20 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில்தான் அதிகம். டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2020-இல் 35 இனங்களை ஆராய்ந்தபோது, பெரிய இனங்கள் பலவற்றில் சீக்கிரம் செய்தால் கூடும் மூட்டுக் கோளாறு சின்ன இனங்களில் கூடவில்லை. பாஸ்டன் டெரியரிலும் ஷிட்ஸுவிலும் மட்டும் சில புற்றுநோய்கள் கூடியிருந்தன.

கருத்தடைக்குத் தயாராக உள்ள வீடு எந்தக் குட்டியையும் எடுக்கலாம். மிஞ்சி நிற்கும் பெண் குட்டியை எடுத்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. அறுவைக்கு மனம் ஒப்பாத வீடு, ஆண்டுக்கு ஓரிரு முறை மூன்று வாரம் கேட்டைக் காக்க முடியாத வீடு என்றால் பெண் குட்டி வேண்டாம். எந்த மாதத்தில் அறுவை செய்யலாம் என்பதை, இனத்தைச் சொல்லி, முதல் தடுப்பூசிக்குப் போகும்போதே மருத்துவரிடம் கேட்டுக் குறித்துவைத்துவிட வேண்டும். பெண் குட்டிக்கு முதல் ஹீட் ஆறாவது மாதத்திலேயே வந்துவிடலாம்.